சவுலின் கவசமும் ஓடையின் கூழாங்கற்களும்

வீட்டுப் பலிபீடம் – குடும்பங்களுக்கான மாதப் பகுதி



சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த பின்பு, ஜனக்புரியில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு ஓரமாக வந்து நின்றார். மகளுக்கு வயது பத்தொன்பது. பன்னிரண்டு வயதிலிருந்தே சபையில் கீபோர்டு வாசித்து ஆராதனைக்குத் துணைநிற்கிற பிள்ளை. தாயார் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"பாஸ்டர், இவள் பியானோவில் எட்டாம் கிரேடு தேறிவிட்டாள். அதற்கு மேல் டிப்ளமோ தேர்வுக்குப் போனாள், தேறவில்லை. கட்டின பணம் போயிற்று. 'போதும், இனிமேல் சபையில் வாசித்தால் போதும்' என்று இவளுடைய அப்பா சொல்லிவிட்டார். இவளோ இன்னும் ஒரே ஒரு தரம் முயற்சி செய்கிறேன் என்று அழுகிறாள். தேவ சித்தம் எது என்று ஜெபித்துச் சொல்லுங்கள்."

மகளைப் பார்த்து, "எதை வாசித்தாய், மகளே?" என்று கேட்டேன்.

"கடைசியில் லிஸ்ட்டின் 'லா காம்பனெல்லா' வாசித்தேன், பாஸ்டர்."

"அதை ஏன் தெரிந்துகொண்டாய்?"

சற்று நேரம் அவள் தலைகுனிந்து நின்றாள். பின்பு, "கைப்பேசியில் பார்த்தேன். என் வயதுப் பெண் ஒருத்தி அதை வாசித்திருந்தாள். அதை வாசித்தால்தான் எனக்கும் வாசிக்கத் தெரியும் என்று எல்லாரும் நம்புவார்கள் என்று நினைத்தேன்" என்றாள்.

பிரியமானவர்களே, அந்தப் பதிலைக் கேட்ட நாள்முதல் இந்தக் காரியம் என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. நான் இசை ஆசிரியன் அல்லன். ஆகையால் அவளுடைய ஆசிரியையிடம் பேசினேன். தேர்வின் பாடத்திட்டத்தையும் வாங்கி வாசித்தேன். நம் சபைகளில் கீபோர்டின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அநேகர். அவர்களில் சிலரேனும் இந்தப் படியை எட்டுவார்கள். அந்தக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்றெண்ணி, கற்றுக்கொண்டதை இம்மாதம் எழுதுகிறேன்.

இந்தத் தேர்வு எத்தகையது?

டிரினிட்டி காலேஜ் லண்டன் என்னும் அமைப்பின் இசைத் தேர்வுகள் 1877ஆம் ஆண்டு தொடங்கின. ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்னும் மற்றோர் அமைப்பு 1889இல் ஏற்பட்டது. இவ்விரண்டின் தேர்வுகளும் நம் நாட்டில் பல தலைமுறைகளாக அறியப்பட்டவை. இசைஞானி இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்று, டிரினிட்டியின் கிதார் தேர்வு எழுதியவர் என்பதை நம்மில் பலர் அறிவோம்.

எட்டாம் கிரேடு வரையிலும் பிள்ளைகள் சில பகுதிகளை மட்டும் வாசித்து, அவற்றோடு ஸ்கேல்கள், செவிப் பயிற்சி முதலியவற்றையும் செய்துகாட்டுவார்கள். டிப்ளமோவில் நிலைமை வேறு. அங்கே தேர்வு எழுதுகிறவர் ஒரு சிறு கச்சேரியையே தாமாகத் திட்டமிட்டு வாசிக்க வேண்டும். டிரினிட்டியின் முதற்படியாகிய ஏ.டி.சி.எல். தேர்வில் 32 முதல் 38 நிமிடம் வரை வாசிக்க வேண்டும். இரண்டாம் படியாகிய எல்.டி.சி.எல். தேர்வில் 37 முதல் 43 நிமிடம். மூன்றாம் படியாகிய எப்.டி.சி.எல். தேர்வில் 42 முதல் 48 நிமிடம். முதற்படி பல்கலைக்கழக இசைப் படிப்பின் முதலாண்டு நிறைவுக்கும், இரண்டாம் படி இளநிலைப் பட்டப்படிப்பின் நிறைவுக்கும் ஒப்பானவை என்று அந்த அமைப்பு கூறுகிறது. ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்பின் முதற்படியாகிய ஏ.ஆர்.எஸ்.எம். தேர்வுக்கு 30 நிமிட நிகழ்ச்சி. அதில் குறைந்தது 20 நிமிடம் அவர்களுடைய பட்டியலிலிருந்து அமைய வேண்டும். எஞ்சியது நம் சொந்தத் தெரிவாக இருக்கலாம்.

டிரினிட்டி தேர்வின் 100 மதிப்பெண்ணில் 90 வாசிப்புக்கு. எஞ்சிய 10, நிகழ்ச்சியை அமைத்த விதம், அதைப் பற்றித் தாமே எழுதிய குறிப்பு, மேடையில் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றுக்கு. 60 பெற்றால் தேர்ச்சி. 80 பெற்றால் சிறப்புத் தேர்ச்சி. ஆகவே எதை வாசிப்பது என்று தெரிந்துகொள்வதும் தேர்வின் ஒரு பங்கேயாகும். அதை அவசரமாகச் செய்கிறவர்கள் பியானோவின் முன் அமரும் முன்னரே இடறிவிடுகிறார்கள்.

இது உலக இசை அல்லவா?

அந்தச் சகோதரியின் கணவர் மனதில் வேறொரு பாரமும் இருந்தது. "தேவனுக்கென்று கொடுத்த விரல்கள். அவற்றைக் கொண்டு அந்நிய இசையை ஏன் வருந்திப் பயில வேண்டும்?" என்று அவர் கேட்டார். இக்கேள்வியை நாம் அற்பமாக எண்ணலாகாது. விசுவாசக் குடும்பங்களில் அது நியாயமாக எழும் கேள்வி.

வேதத்தைத் திறந்து பாருங்கள். 1 நாளாகமம் 15ஆம் அதிகாரத்தில் கெனானியா என்னும் லேவியன் கீதவித்தையைக் கற்பிக்கிறான். அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது அவன் அதில் தேர்ந்தவனாயிருந்தது. 25ஆம் அதிகாரத்தில் கர்த்தரின் பாட்டுகளில் பயிற்சி பெற்றவர்களாக 288 பேர் எண்ணப்படுகிறார்கள். ஆலய ஊழியத்துக்கு வாஞ்சை மட்டும் போதும் என்று அங்கே எழுதப்பட்டிருக்கவில்லை. பயிற்சியும் கேட்கப்பட்டது. தானியேல் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்றான். ஆயினும் தன் ஜன்னலை எருசலேமுக்கு நேராகத் திறந்தே வைத்திருந்தான்.

மற்றொரு காரியம். ஜெர்மனி தேசத்தின் யோகான் செபாஸ்டியன் பாக், 1720ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள், தம் மூத்த மகனுக்காக ஒரு பாடப் புத்தகத்தைத் தொடங்கினார். மகனுக்கு அப்பொழுது வயது ஒன்பது. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று காட்டும் சின்னஞ்சிறு பயிற்சி அதிலே முதலாவது வருகிறது. அந்தப் பயிற்சியின் தலைப்பில் 'இயேசுவின் நாமத்தில்' என்று பொருள்படும் மூன்று இலத்தீன் எழுத்துகளை அந்தத் தகப்பன் எழுதிவைத்தார். அது ஆலயப் பாட்டு அன்று. வெறும் விரல் பயிற்சி. அதையும் இயேசுவின் நாமத்தில் தொடங்கலாம் என்று அவர் விசுவாசித்தார். ஹைடனும் தம் கையெழுத்துப் படிகளின் தொடக்கத்தில் கர்த்தருடைய நாமத்தையும், முடிவில் தேவனுக்குத் துதியையும் எழுதும் வழக்கமுடையவர்.

நம் தமிழ் மண்ணிலும் முன்மாதிரி உண்டு. சென்னை எழும்பூரிலுள்ள புனித அந்திரேயா ஆலயத்தில் நெடுங்காலம் ஆர்கன் வாசித்த ஹேண்டல் மானுவேல், மேற்கத்திய இசையில் ஆழ்ந்த புலமை பெற்று, அந்தப் புலமையைக் கொண்டு திருச்சபைக்கும் பாடகர் குழுவுக்கும் ஊழியம் செய்தவர். இவற்றையெல்லாம் அந்தச் சகோதரரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் சற்று அமைதியானார்.

சவுலின் கவசம்

ஆனால் மகளுக்குச் சொல்ல வேண்டியது வேறாயிருந்தது. 1 சாமுவேல் 17ஆம் அதிகாரத்தைத் திறந்து அவளையே வாசிக்கச் சொன்னேன்.

ஏலா பள்ளத்தாக்கில் ராட்சதன் நிற்கிறான். சவுல் ராஜா தாவீதின்மேல் இரக்கங்கொண்டு தன் கவசத்தையும் வெண்கலச் சீராவையும் அவனுக்கு அணிவிக்கிறான். அது ராஜாவின் கவசம், மிக உயர்ந்தது. ஆனால் தாவீது இரண்டடி நடந்து பார்த்துவிட்டு, இவற்றை நான் பழகியதில்லை என்று கழற்றிப்போடுகிறான். ஓடைக்குப் போய், தன் கைக்கு அடங்கிய ஐந்து கூழாங்கற்களைத் தெரிந்தெடுக்கிறான். அவற்றை எறியும் விதம் ஆடுகளை மேய்த்த காலமெல்லாம் அவன் பழகியது.

லா காம்பனெல்லா என்றால் சிறுமணி என்று பொருள். லிஸ்ட் 1851இல் வெளியிட்ட ஆறு பயிற்சிகளில் மூன்றாவது அது. வலது கை இரண்டு எண்சுரத் தொலைவுவரை நொடிக்கு நொடி பாய வேண்டும். ஒரே கட்டையை விரல் மாற்றி மாற்றி மிக விரைவாகத் தட்ட வேண்டும். நம் பிள்ளை வீட்டில் பயின்றதோ 61 கட்டைகள் கொண்ட இலேசான கீபோர்டில். தேர்வு அறையில் இருந்தது 88 கட்டைகள் கொண்ட, கனத்த பெரிய பியானோ. கட்டைகள் அவள் பழகிய வேகத்தில் மேலெழும்பவில்லை. அந்த ஒரு பகுதிக்காகவே ஆறு மாதம் செலவிட்டிருந்தபடியால், மற்றப் பகுதிகளும் முதிராத கனிகளாகவே இருந்தன. நடுவில் ஓரிடத்தில் தவறியதும் மனம் கலங்கிற்று. அதன்பின் எல்லாம் சரிந்தது.

2019ஆம் ஆண்டு சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் 'வண்டின் பறத்தல்' என்னும் பகுதியை நிமிடத்துக்கு 325 தாளத் தட்டுகள் என்ற வேகத்தில் வாசித்து, பத்து இலட்சம் டாலர் பரிசைப் பெற்றதை நாம் கண்டு மகிழ்ந்தோம். அவனுக்கு வயது பதின்மூன்று. அது தேவன் அவனுக்கு அளித்த ஈவு. அந்தப் போட்டி வியப்பை நாடிற்று. டிப்ளமோ தேர்வு முதிர்ச்சியை நாடுகிறது. வேகமாக வாசிக்கிறவரையும் அது வரவேற்கும். ஆனால் அரை மணி நேரம் வெவ்வேறு குணமுடைய இசைகளை நிதானமாகத் தாங்கி நிற்க முடியுமா என்பதே அங்கே கேள்வி.

ஐந்து கேள்விகள்

அவளுடைய ஆசிரியையும் நாங்களும் சேர்ந்து உட்கார்ந்து, எந்தப் பகுதியைத் தெரிந்துகொள்ளும் முன்னும் கேட்கவேண்டிய ஐந்து கேள்விகளை எழுதினோம். உங்கள் வீட்டுக்கும் அவை உதவும்.

முதலாவது, இது பட்டியலில் உள்ளதா? நடப்பிலுள்ள பாடத்திட்டத்தையே பார்க்க வேண்டும். பழைய புத்தகத்தையும் மற்றவர் சொல்லையும் நம்பலாகாது. சொந்தத் தெரிவு என்றால் அதற்குரிய விதிகளைப் படித்து, தேவையானால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

இரண்டாவது, எவ்வளவு நேரம்? கோபுரம் கட்டுகிறவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்தார் (லூக்கா 14). இசைத்தட்டில் உள்ள நேரத்தை எழுதாமல், பிள்ளை தானே வாசிக்கும்போது கடிகாரம் வைத்து அளக்க வேண்டும். சொனாட்டாவில் திரும்ப வாசிக்கும் பகுதிகளைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே சில நிமிடங்கள் வித்தியாசப்படும். நிகழ்ச்சி குறைந்தாலும் நஷ்டம், மிகுந்தாலும் நஷ்டம்.

மூன்றாவது, ஒன்றுக்கொன்று வேறுபாடு உண்டா? எல்லாம் ஒரே காலத்தவையாகவும் ஒரே மனநிலையுடையனவாகவும் இருந்தால் கேட்பவர் களைத்துப்போவார். சங்கீத புத்தகத்தில் புலம்பலும் உண்டு, துதியும் உண்டு, அமர்ந்திருத்தலும் உண்டு.

நான்காவது, இந்தக் கைக்கு இது பொருந்துமா? சிறிய கையுள்ளவர்கள் அகன்ற சுரக்கூட்டுகள் நிறைந்த பகுதியைத் தெரிந்துகொண்டால் கை வலியோடு முடியும். மற்றொருவருக்கு எளிதானது நமக்குக் கடினமாயிருக்கலாம். நமக்கு எளிதாய் வருவது அவருக்கு வராமலும் போகலாம். அவனவனுடைய திறமைக்குத் தக்கதாகவே தாலந்துகள் பகிரப்பட்டன.

ஐந்தாவது, ஓராண்டு இதோடு வாழ முடியுமா? முந்நூறு நாள் திரும்பத் திரும்ப வாசித்தும் சலிக்காத பகுதிதான் தேர்வு நாளில் கைகொடுக்கும். மெதுவான பகுதிகளை எளிது என்று எண்ணிப் பிள்ளைகள் கடைசியில் தள்ளிவிடுகிறார்கள். மறைப்பதற்கு வேகம் இல்லாதபடியால் அங்கேதான் குறை வெளியரங்கமாகும்.

அவள் பொறுக்கிய கற்கள்

இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு அவள் மூன்று வாரம் தேடினாள். ஆசிரியை பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். முடிவில் ஐந்து படைப்புகள் தங்கின. பாக்கின் ஒரு முன்னிசையும் பியூகும், 4 நிமிடம். ஹைடனின் இ மைனர் சொனாட்டா, 13 நிமிடம். ஷூபர்ட்டின் இம்ப்ராம்ப்டு ஒன்று, 6 நிமிடம். டெபுஸி 1905இல் வெளியிட்ட 'நிலவொளி', 5 நிமிடம். இறுதியாக பார்டோக் 1915இல் அமைத்த ருமேனிய நாட்டுப்புற நடனங்கள், 6 நிமிடம். மொத்தம் 34; இடைவெளிகளோடு 35ஐ ஒட்டி வரும். ருமேனியச் சிற்றூர் மக்கள் பிடிலிலும் குழலிலும் வாசித்த மெட்டுகளை பார்டோக் தாமே தேடிக் கேட்டுச் சேகரித்தார். அவற்றை வாசிக்கும்போது திருநெல்வேலிச் சீமையில் தாத்தா ஊரின் திருவிழா நினைவுக்கு வருகிறது என்றாள் அந்தப் பிள்ளை.

ஷூபர்ட்டின் அந்தப் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. 1827இல், தாம் மரிப்பதற்கு ஓராண்டுக்கு முன் அவர் அதை எழுதினார். ஆறு ஃபிளாட்டுகள் கொண்ட சுருதி. 1857இல் அதை அச்சிட்ட பதிப்பாளர், அந்தச் சுருதி மக்களுக்குக் கடினம் என்றெண்ணி, எளிய ஜி மேஜருக்கு மாற்றி அச்சிட்டுவிட்டார். இதைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். ஏனென்றால் சபையில் நம் பிள்ளைகள் செய்வதும் அதுவே. எந்தச் சுருதியில் பாட்டு எழுந்தாலும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டு, பழகின வெள்ளைக் கட்டைகளிலேயே வாசித்துக்கொள்கிறோம். "இந்தப் பகுதியில் பொத்தான் கிடையாது பாஸ்டர், ஆறு ஃபிளாட்டையும் நானே சுமக்க வேண்டும்" என்றாள். அன்றுமுதல் ஆராதனையிலும் அவள் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. மெதுவான இந்தப் பகுதியை அவள் முதலில் வெட்கத்தோடு ஒதுக்கியிருந்தாள். இப்பொழுது அதுவே அவளுக்கு மிகவும் பிரியமானது.

தாவீது ஐந்து கற்களை எடுத்து ஒன்றைத்தான் எறிந்தான். தேர்வு எழுதுகிறவர்களோ ஐந்தையும் எறிய வேண்டும். ஆகையால் ஐந்தும் ஒரே அளவு வழவழப்பாகத் தேய்ந்திருப்பது அவசியம்.

நகரத்துக் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

ஜனக்புரியின் அடுக்கு வீடுகளில் ஒரு சுவருக்கு இப்பாலும் அப்பாலும் குடும்பங்கள் வாழ்கின்றன. பியானோ வாங்கவும் வைக்கவும் இடமும் பணமும் எல்லாருக்கும் இல்லை. எனினும் டிப்ளமோவை நாடுகிற பிள்ளைக்கு, கனமான 88 கட்டைகளும் பெடலும் உள்ள மின்பியானோவாவது தேவை. அதில் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு இரவிலும் பயிலலாம். அதோடு தேர்வுக்கு முந்தின மாதங்களில் மெய்யான பியானோவில் வாசித்துப் பழக ஓர் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். ஒன்றோடு நில்லாமல் இரண்டு மூன்று பியானோக்களில் வாசித்துப் பார்ப்பது நன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணமுடையது.

தில்லியின் காலநிலையையும் மறவாதிருங்கள். மே மாத அனலும், மழைக்கால ஈரமும், ஜனவரிப் பனியும் மரத்தையும் கம்பியையும் மாற்றுகின்றன. பியானோவின் சுருதி நிலைகுலைகிறது. குளிர்காலத்தில் தேர்வு அமைந்தால் விறைத்த விரல்களோடு அறைக்குள் போகலாகாது. கையுறையும் வெந்நீரும் துணைசெய்யும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரண்டு பாரத்தையும் ஒரே பிள்ளையின் தோளில் ஏற்றாதிருங்கள். பியானோவில் மனப்பாடமாக வாசித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாளை வைத்து வாசிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. இக்காலத்தில் காணொளியாகப் பதிவுசெய்து அனுப்பும் வழியும் உண்டு. அதன் விதிகளையும் கேட்டறியுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. தேர்வுக்கு முன்பு முழு நிகழ்ச்சியையும் ஆட்கள்முன் நான்கைந்து முறையாவது வாசிக்க வேண்டும். உறவினர் எல்லாம் ஊரில் இருக்க, நகரத்தில் தனித்து வாழும் நமக்குக் கேட்பவர் யார்? சபையே நமக்கு உறவு. சனிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் அரை மணி நேரத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். பாட்டியம்மாக்கள் கேட்கட்டும், சிறுபிள்ளைகள் இடையில் அழட்டும். அந்தச் சத்தத்திலும் நிலைகுலையாமல் வாசிக்கிறவள் தேர்வாளரின் மௌனத்துக்கு அஞ்சமாட்டாள்.

பெற்றோருக்கு

தகப்பன்மாரே, தாய்மாரே, சவுல் கெட்ட எண்ணத்தோடு கவசத்தை அணிவிக்கவில்லை. அன்பினாலேயே அணிவித்தான். நாமும் அப்படியே செய்கிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளை எதை வாசித்தது, எந்தப் பட்டம் பெற்றது என்று சொல்லிச் சொல்லி, நம் பிள்ளையின் தோளில் பொருந்தாத வெண்கலத்தை ஏற்றுகிறோம். அது சுமக்க முடியாமல் விழுந்தால், "உனக்கு இது வராது" என்று ஓடைக்குப் போகும் வழியையும் அடைத்துவிடுகிறோம். முதலாவது செய்தது பெருமை. இரண்டாவது செய்தது அவிசுவாசம். இரண்டிலும் பிள்ளையை அதன் மெய்யான அளவில் நாம் காணவில்லை.

அந்தச் சகோதரர் இப்பொழுது அலுவலகத்திலிருந்து வந்ததும் மகளின் அருகே அரை மணி நேரம் அமருகிறார். இசை அவருக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பிடித்து நிமிடங்களைக் குறித்துத் தருகிறார். "முன்பு கவனிக்கவே இல்லை, பாஸ்டர். ஷூபர்ட் வாசிக்கும்போது இவள் மூச்சு மெல்லச் சீராகிறது" என்று சென்ற வாரம் என்னிடம் சொன்னார்.

தேர்வு இன்னும் நடைபெறவில்லை. அவள் தேறுவாள் என்று நான் வாக்குக் கொடுக்க இயலாது. முடிவு கர்த்தருடைய கரத்தில் இருக்கிறது. ஆனால் இம்முறை அவள் தன்னுடையதல்லாத எதையும் அணிந்துகொண்டு அந்த அறைக்குள் போகப்போவதில்லை. நீங்களும் அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபம்: அன்புள்ள பரம பிதாவே, எங்கள் பிள்ளைகளின் விரல்களை உருவாக்கினவர் நீரே. மற்றவர்களின் கண்களுக்காக அல்ல, உமக்கு முன்பாக உண்மையுள்ளவர்களாய் அவர்கள் தங்கள் பங்கைத் தெரிந்துகொள்ள ஞானம் தாரும். அவர்களை அவர்களுடைய அளவில் நேசிக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். தோல்வியுற்ற பிள்ளைகளை மறுபடியும் ஓடையண்டைக்கு நடத்தும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.